சிவப்புக் கோட்டுக்குக் கீழே

ஜனவரி 12

அன்புள்ள பம்புத் தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே நலம். உன் அண்ணனும் நலம், இன்னும் ஏணியிலிருந்து விழவில்லை. நீ என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். முதலில் என் போன்தான் கெட்டுப்போச்சு என்று நினைத்து அதை நாலு தட்டுத் தட்டினேன். அப்புறம் உன் அண்ணன் போனிலிருந்து கூப்பிட்டால், "சொல்லுங்கண்ணா" என்று தேன் ஒழுக எடுத்தாய். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். சரி. நம்பரைத் தடுக்கலாம், தபால்காரரைத் தடுக்க முடியுமா? அவர் எங்கள் தெரு நாய்க்கே பயப்படாதவர். உனக்கா பயப்படப் போகிறார்?

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது. அதனால் எழுத்து மேலேயும் கீழேயும் போகும். உன் கண்ணாடிக் கடையில் இருப்பதிலேயே தடித்த கண்ணாடியாக ஒன்று எடுத்து மாட்டிக்கொண்டு படி.

உன் கோபம் எதற்கென்று தெரியும். நீ கொடுத்த சைக்கிளில் அகல டயர் மாட்டி, படம் பிடித்து, நீ செயலாளராக இருக்கிற சைக்கிள் குழுவில் எல்லாரும் பார்க்கிற மாதிரிப் போட்டேன். "செயலாளரின் நூல் டயருக்கு ஓய்வு கொடுத்தாச்சு. அதில் போவதும் ஓடுகிற சலவை மெஷின்மேல் உட்கார்ந்திருப்பதும் ஒன்று" என்று கீழே எழுதினேன். குழுவே சிரித்தது. முதலில் சிரித்தது உன் வீட்டுக்காரி. அவளை ஏன் தடுக்கவில்லை? சோறு கிடைக்காது, அதனால்தானே?

விளையாட்டை விடு. விஷயம் விளையாட்டு இல்லை. உன் வண்டியில் போய் வந்தால் எனக்கு விரல் மரத்துப்போகிறது. மோதிர விரலும் சுண்டு விரலும் யாரோ வைத்துவிட்டுப் போன மாதிரிக் கிடக்கின்றன. தையல்காரிக்கு விரல் மரத்தால் என்ன மிச்சம்? டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தையல் மெஷினா, சைக்கிளா? ரெண்டுல ஒண்ண விட்டுடுங்க"ன்னாங்க. "ரெண்டு கை இருக்கே டாக்டர், ஆளுக்கு ஒண்ணு குடுத்துடலாமா?"ன்னேன். அவங்க சிரிக்கல.

தையல் எனக்குச் சோறு. ஆனால் அந்த வண்டி வந்த பிறகுதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வந்தது. அதற்கு முன்னால் அதுவும் சீருடை தைக்கிற கிழமை. இரண்டையும் விட மாட்டேன்.

அதனால்தான் டயர் கடைக்குப் போனேன். உன்னுடையதைப் போல ஒல்லி டயர் தொங்கியது. தொடவே இல்லை. அகலமாக ஒன்று கொடுத்தார், செருப்பின் அடிப்பாகம் மாதிரி. தூக்கினால் தோள் இறங்கியது. அதை மாட்டினால் வண்டி என்னை ஓட்டும். "அகலமா வேணும், ஆனா கனமா வேணாம்"னேன். பரணிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டார். துண்டு மாதிரி மடிந்து கிடந்தது. பக்கவாட்டை இரண்டு விரலில் பிடித்துக் கசக்கினேன். உள்ளே மெல்லிய நூலில் நெருக்கமாக நெய்த துணி, அதன்மேல் கொஞ்சம்போல ரப்பர். நல்ல திரைத் துணி கையில் எப்படி விழுமோ அப்படி விழுந்தது. கடைக்காரர், "இது சொகுசு டயரும்மா, வேகம் போகாது"ன்னார். "நான் என்ன ரயிலயா முந்தப் போறேன்?"ன்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

ஏப்ரலில் உங்கள் குழுவின் ஏரிச் சுற்றுக்கு இதே டயரில் வருவேன். என் பெயரை எழுதிக்கொள்.

அண்ணி


ஜனவரி 21

அண்ணி அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. எனக்குக் கோபம் எதுவும் இல்லை என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். அந்தப் படத்தின் கீழே இன்றுவரை சிரிப்புப் பொம்மைகள் விழுந்துகொண்டிருக்கின்றன என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் குழுவில் அனைவரும் இருபத்து மூன்று மில்லிமீட்டர் டயர்தான் போடுகிறோம். ஒல்லியாக இருந்தால் தரையில் படுவது குறைவு. கல்லைப் போல இறுகியிருந்தால் உருளும். நீங்கள் போட்டிருப்பது முப்பத்திரண்டு. அது தரையில் ஒட்டிக்கொண்டு இழுக்கும். இதற்குப் படிப்பு வேண்டாம், பார்த்தாலே தெரிகிறது. மேலும் நீங்கள் புகழ்கிற அந்த மெல்லிய பக்கவாட்டைக் கிழிக்க ஒரு கூரான கல் போதும்.

கழற்றத்தான் மாட்டீர்கள் என்றால் ஒன்றாவது செய்யுங்கள். நான் கொடுத்த பம்பில் காற்றின் அழுத்தம் காட்டும் வட்டில், நூறுக்கு நேராக நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். எந்த டயரானாலும் அந்தக் கோடு வரை காற்றடிக்க வேண்டும். அதற்குக் கீழே ஓட்டுவது வண்டிக்குச் செய்கிற அவமரியாதை.

ஏரிச் சுற்றில் வண்டிகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது செயலாளர். செயலாளர் நான். அந்த டயருக்கு என் கையெழுத்து கிடைக்காது. அந்த வண்டி நான் வாங்கியது என்பதையும் மறக்க வேண்டாம்.

அண்ணனை ஏணியில் பார்த்து ஏறச் சொல்லவும்.

தங்கள் கொழுந்தன்


பிப்ரவரி 17

பம்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் காட்டினேன். "எவன் இவன், கோர்ட்டுலேர்ந்து எழுதறானா?"ன்னார். சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு மூக்கில் வெள்ளையோடு உட்கார்ந்து அவர் கேட்டதை நீ பார்க்க வேண்டும்.

நீ சொன்னபடி சிவப்புக் கோடு வரை அடித்தேன். கடைசியில் பம்பின்மேல் நானே ஏறி உட்கார வேண்டியதாகிவிட்டது. மூன்று ஞாயிறு போய் வந்தேன். மறைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை, கேட்டுக்கொள். விரல் மரத்தது. முன்னைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். திங்கட்கிழமை தைத்த சீருடைகளில் காலர் கோணிக்கொண்டது. பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் எல்லாரும் யாரையோ எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கிறதாம்.

சிரித்துவிட்டாயா? நன்றாகச் சிரி. ஆனால் டயரைக் கழற்ற மாட்டேன். எங்கேயோ ஒரு தையல் தப்பு. துணி தப்பில்லை. அந்தத் துணியைப் பிடித்த கை சொல்கிறது. கையில் பாதிதான் வேலை செய்கிறது என்றாலும் அது சொல்வதைத்தான் கேட்பேன், நீ சொல்வதைக் கேட்க மாட்டேன்.

என் பெயரை எழுதினாயா?

அண்ணி


பிப்ரவரி 24

அண்ணிக்கு,

நான் சிரிக்கவில்லை. காலர் செய்தியைப் படித்து வருத்தப்பட்டேன். உண்மையாகத்தான்.

ஆனால் இதைத்தான் முதலிலேயே சொன்னேன். டயரில் ஒன்றும் இல்லை. ஒல்லி வண்டி எல்லா உடம்புக்கும் ஒத்துக்கொள்ளாது. உங்களுக்கு அதை நான் கொடுத்திருக்கவே கூடாது. உங்கள் கைதான் உங்கள் வீட்டு அடுப்பு. டாக்டர் சொன்னபடி தையலைப் பிடித்துக்கொள்ளுங்கள், சைக்கிளை விடுங்கள். இந்த வயதில் இதில் பிடிவாதம் என்ன?

வண்டியை லாரி அலுவலகத்தில் போட்டு இங்கே அனுப்பிவிடுங்கள். வீட்டில் நின்றால் ஏறத் தோன்றும். அதனால்தான் கேட்கிறேன், வேறு எண்ணம் இல்லை.

ஏரிச் சுற்றுக்கு நீங்கள் கட்டாயம் வர வேண்டும். வழியில் தண்ணீர் கொடுக்கும் மேசைக்கு ஓர் ஆள் தேவைப்படுகிறது. நிழலில்தான் போடுவோம். குடையும் உண்டு. எல்லாருக்கும் உங்கள் பேச்சு பிடிக்கும்.

தங்கள் கொழுந்தன்


மார்ச் 3

தண்ணீர் மேசைத் தலைவருக்கு,

அந்த வரியைப் படித்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். கையில் இருந்தால் கடிதத்தை வெட்டியிருப்பேன். நிழல், குடை! விசிறிவிட ஓர் ஆளும் உண்டா?

இப்போது நடந்ததைக் கேள். போன புதன்கிழமை திரைச் சீலைகளை விடுதிக்குக் கொடுக்க வேண்டும். நேரமாகிவிட்டது, விடுதிக்காரர் வாசலில் நின்று கத்துகிற ஆள். வண்டியை எடுத்தால் இரண்டு சக்கரத்திலும் காற்று இறங்கியிருக்கிறது. பம்பு பக்கத்து வீட்டில், அவர்கள் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போகிற வரைக்கும் போவோம் என்று ஏறினேன். தம்பி, அந்த மருத்துவமனைத் தெருவில் பதித்த கல் இருக்கிறதே, என் பல்லை எண்ணுகிற கல், அது எங்கே போனது என்று திரும்பிப் பார்த்தேன். கல் அங்கேயேதான் இருந்தது. வண்டி அதன்மேல் வழிந்து போயிருந்தது. வேகம் குறையவும் இல்லை, விடுதிக்காரர் கத்துவதற்கு முன்னால் போய் நின்றேன். அவருக்கே ஏமாற்றம்.

வீட்டுக்கு வந்து நூலைக் கோத்தேன். முதல் தடவையிலேயே ஊசிக்குள் போனது. உன் அண்ணனைக் கூப்பிட்டேன். "என்னடி, ஊசியக் காட்டி எதுக்கு அழற?"ன்னார். "அழல, தூசி"ன்னேன்.

தப்பு டயரில் இல்லை. உன் சிவப்புக் கோட்டில். இளகின டயரை வாங்கி, அதைக் கல்லாகிற வரைக்கும் அடித்தால் அது என்ன செய்யும்? மெல்லிய துணிக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்கிவிட்டு, உடம்பில் குத்துகிறதே என்று துணியைத் திட்டின மாதிரி. அடிக்கச் சொன்னவன் நீ. அடித்த மடைச்சி நான். மூன்று ஞாயிறு வீண். இப்போது நூறில் பாதியைவிடக் கொஞ்சம் கூட வைக்கிறேன். பின் சக்கரத்துக்கு இன்னும் கொஞ்சம் கூட, அதில்தான் நான் உட்கார்கிறேன். அந்த நகப்பூச்சைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டேன். நல்ல நிறம், எங்கே வாங்கினாய்?

வண்டி உன்னுடையது, மறுக்கவில்லை. கேட்டாய், திருப்பித் தருகிறேன். ஆனால் லாரியில் வராது. பதினைந்தாம் தேதி ஞாயிறு, மலைப் பாதை வழியாக நானே ஓட்டிக்கொண்டு வந்து உன் வாசலில் நிறுத்துவேன். காலையில் கிளம்பினால் மாலை தேநீருக்கு வந்துவிடுவேன். வைத்து வை.

அண்ணி


மார்ச் 9

அண்ணிக்கு,

விளையாடாதீர்கள். மலைப் பாதையில் பாலம் தாண்டிப் பாதி தூரம் தாரே இல்லை. மழைக்குப் பிறகு யாரும் சரிசெய்யவில்லை. நாங்களே அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டோம். பேருந்துச் சாலையில் வாருங்கள். இல்லையென்றால் வராதீர்கள். அண்ணன் எப்படி விட்டார்?

கேட்க மாட்டீர்கள் என்று தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் உங்கள் நம்பரைத் திறந்து வைக்கிறேன். அவசரத்துக்கு மட்டும். பேச்சுக்கு அல்ல.

அன்று காலை எனக்கும் பாலத்துப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. என்ன வேலை என்று கேட்க வேண்டாம். நான் அங்கே நின்றால் அது தற்செயல்.

தங்கள் கொழுந்தன்


மார்ச் 17

தற்செயலாக நின்ற தம்பிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். விரல் பத்தும் கணக்குக்குச் சரி. இந்தக் கடிதமே சாட்சி, எழுத்து நேராகப் போகிறது பார்.

இந்நேரம் வண்டியைப் பார்த்திருப்பாய். சக்கரத்தில் வெறும் ரிம் இருக்கிறதே என்று திருடனைத் தேடாதே. திருடியது நான். வண்டி உன்னுடையது, டயர் என்னுடையது. நீ குளிக்கப் போன நேரத்தில் கழற்றினேன். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது உன் வீட்டுக்காரி. "சீக்கிரம் அக்கா, பாட்டு நின்னா அவரு வெளிய வந்துடுவாரு"ன்னு பயந்துகிட்டே பிடிச்சா. ஓரகத்தி என்றால் இப்படி அமைய வேண்டும்.

இரண்டு டயரையும் கழுத்தில் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறினேன். நடத்துநர், "டயருக்கு லக்கேஜ் டிக்கெட் எடுங்க"ன்னார். "கழுத்துல போட்டிருக்கறது நகை. நகைக்கு டிக்கெட் கேப்பீங்களா?"ன்னேன். மனிதர் பாதி தூரம் வரைக்கும் அதற்குப் பதில் யோசித்துக்கொண்டே வந்தார்.

பாதையில் நடந்ததை நீ ஊரில் எப்படிச் சொல்கிறாய் என்று தெரியாது. நான் சொல்வது இதுதான். தார் முடிந்த இடத்தில் நீ இறங்கினாய். "என்னப்பா?"ன்னேன். "இயற்கைக் காட்சி பாக்கறேன்"ன்னே. சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு காட்சி பார்க்கிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்கு முன்னால் ஒரு பஞ்சர், அதற்குப் பின்னால் ஒரு பஞ்சர், இரண்டும் உன்னுடையவை.

மூன்றாவது என்னுடையது. மறைக்கவில்லை. கூரான கல், மெல்லிய பக்கவாட்டை விரல் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. அதை நீ முதலிலேயே சொன்னாய். அந்த ஒன்றில் நீ சொன்னது சரி. "நான் சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா?"ன்னு நீ அந்த மலைக்கே கேக்கற மாதிரி கத்தினே. உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை உன் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

ஆனால் கிழிந்தது துணி, பார்த்தவள் தையல்காரி. காற்சட்டைத் துணியில் ஒரு துண்டு உள்ளே வைத்து, தடித்த ஊசியில் மெழுகு நூலால் நெருக்கித் தைத்தேன். நீ டயரை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாய். ஒருமுறைகூட ஊசி உன்மேல் படவில்லை. குத்த ஆசை இருந்தது, குத்தவில்லை. டியூபுக்கு நீ ஒட்டுப் போட்டாய். அது இன்றுவரை பிடித்து நிற்கிறது. நன்றாக ஒட்டுகிறாய், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம் ஒன்று நடந்ததே. "இந்தத் தையல் தாங்குமான்னு பாக்கறேன், அந்த வளைவு வரைக்கும்"னு என் வண்டியில ஏறினே. எந்த வளைவு தம்பி? நான் உன் ஒல்லி வண்டியை உருட்டிக்கொண்டு ஒவ்வொரு வளைவாகத் தேடி வந்தேன். தார் மறுபடி தொடங்கும் இடத்தில் சிரித்துக்கொண்டு நின்றாய். என்னைக் கண்டதும் முகத்தைக் கண்ணாடிக் கடைக்காரர் முகமாக மாற்றிக்கொண்டு, "சுமார்"ன்னே.

சுமார் டயரை உன்னிடம் எதற்கு விட்டு வைக்க வேண்டும்? அதனால்தான் எடுத்து வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை மறுபடியும் நம்பரைத் தடுத்துவிட்டாய் போல. சொன்ன சொல் தவறாதவன். நல்லது.

அண்ணி


ஏப்ரல் 1

அண்ணிக்கு,

இன்று என்ன தேதி என்று பார்த்துவிட்டு இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெறும் ரிம்மில் என் பழைய டயரை மாட்டினேன். சிவப்புக் கோடு வரை காற்றடித்தேன் (இங்கே இருக்கும் பம்பில் கோடு அப்படியே இருக்கிறது). கடைத்தெரு வரை போய் வந்தேன். அதைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. வீட்டில் என்னிடம், "ஏங்க, உங்க குரல் ஏன் நடுங்குது?" என்று மட்டும் கேட்டார்கள்.

அந்த டயர் வேகமானது என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. மலையில் அன்று காற்று பின்னாலிருந்து வீசியது.

நம் குழுவில் ஒரு நண்பர், அந்த டயரின் அளவையும், அது எந்தக் கடைப் பரணில் இருந்தது என்பதையும் கேட்கிறார். அவருக்கு இடுப்பு வலி. பெயரை வெளியில் சொல்ல விரும்பவில்லை. அவருடைய வண்டியில் பிரேக்குக்கும் டயருக்கும் நடுவே போதுமான இடம் இருக்கிறதா என்பதை எப்படிப் பார்ப்பது என்றும் கேட்கச் சொன்னார்.

ஏரிச் சுற்றின் விதிமுறைகளை மறுபடி படித்தேன். டயரின் அகலத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. நான்தான் எழுதியிருக்கிறேன். எப்படி விட்டேன் என்று தெரியவில்லை. ஆகவே உங்கள் வண்டிக்குக் கையெழுத்துப் போட எனக்குத் தடை இல்லை.

வண்டியைத் திருப்பி அனுப்புகிறேன். இனி அது உங்களுடையது. கேட்க மாட்டேன். தண்ணீர் மேசைக்கு வேறு ஆள் பார்த்துவிட்டோம்.

நம்பரைத் திறந்துவிட்டேன். கூப்பிடுங்கள்.

தங்கள் கொழுந்தன்


ஏப்ரல் 6

இடுப்பு வலி நண்பரின் நண்பருக்கு,

வண்டியை அனுப்பாதே. வைத்துக்கொள். நீயாகக் கொடுத்ததை நீயாகக் கேட்டாய். இன்னொரு கோபம் வந்தால் இன்னொரு முறை கேட்பாய். யாரும் கேட்க முடியாத வண்டியில்தான் இனி ஏறுவேன்.

பழைய இரும்புக் கடையில் ஒரு சைக்கிள் சட்டம் கிடைத்தது. துரு பிடித்திருந்தது, ஆனால் முன் சக்கரத்தைப் பிடிக்கிற போர்க்கில் நல்ல இடம் இருக்கிறது. டயரை மாட்டிய பிறகும் நடுவில் என் சுண்டு விரல் தாராளமாகப் போய் வருகிறது. உன் நண்பரிடம் சொல், இதுதான் பார்க்கிற முறை. அவருடைய விரல் என் விரலைவிடத் தடிப்பு, அவருக்கும் அது தெரியும். டயர் முப்பத்திரண்டு. அதே கடை, அதே பரண். "மடிக்கிற டயர் குடுங்க"ன்னு கேக்கச் சொல். கையில் கசக்கிப் பார்த்து வாங்கச் சொல். விறைத்துக்கொண்டு நின்றால் வேண்டாம், அந்தக் குணத்தில் ஏற்கெனவே உங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார்.

சட்டத்துக்கு வண்ணம் அடித்தது உன் அண்ணன். மருத்துவமனைச் சுவருக்கு அடித்ததில் மீந்த பச்சை. "யாராவது சிரிச்சா என்னடி பண்றது?"ன்னார். "முன்னாடி வந்து சிரிக்கட்டும்"ன்னேன். டாக்டரம்மாவிடமும் போய் வந்தேன். அவங்க முன்னாடியே ஊசியில நூல் கோத்துக் காட்டினேன். "அப்போ எதை விட்டீங்க?"ன்னாங்க. "காத்த விட்டேன் டாக்டர்"ன்னேன். இந்தத் தடவை சிரிச்சாங்க.

நம்பரைத் திறந்ததற்குச் சந்தோஷம். ஆனால் கூப்பிட மாட்டேன். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு இப்போதுதான் எனக்கு எழுத்து வசப்படுகிறது, அதைக் கெடுக்காதே. சொல்ல ஏதாவது இருந்தால் நீயும் எழுது. அந்தக் கோர்ட் பாஷையில் வேண்டாம்.

ஏரிச் சுற்றுக்கு என் பெயரை முதல் ஆளாக எழுது. பச்சை வண்டி என்று போட்டால் போதும். கையெழுத்தை உன் பெரிய எழுத்தில் போடு.

தைத்த டயரை முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா என்று யோசித்தேன். பின்னால் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு தையலும் தெரியும். நீ பார்த்துக்கொண்டே வரலாம்.

அண்ணி